பச்சைப் புள்ளி

ஊரில் அவளுக்கு 'உஷ் மேடம்' என்று பெயர். சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். சத்தம் போடாதே, அதை அணை, இதை நிறுத்து என்று வீடு வீடாகப் போய்ச் சொல்வதுதான் அவள் வேலை என்று ஊர் நினைத்தது. அதில் பொய்யும் இல்லை.

ஊருக்கு மேலே, மலைகளுக்கு நடுவில் கிண்ணம் மாதிரி ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ராட்சதன் சாப்பிட்டுவிட்டுக் கழுவி வைத்த வெள்ளைத் தட்டு. கண்ணால் பார்க்கிற தொலைநோக்கி இல்லை, காதால் கேட்கிற தொலைநோக்கி என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அவள் விளக்குவாள். வானத்தின் அந்தக் கோடியில் எப்போதோ கிளம்பிய அலை இங்கே வந்து சேரும்போது மூச்சுக்காற்றைவிட மெலிந்து போயிருக்கும். அதைப் பிடிக்க வேண்டுமானால் சுற்றிலும் அமைதி வேண்டும். அதனால் அந்த மலைத்தொடரில் செல்போன் டவரே கூடாது என்று எந்தக் காலத்திலோ ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு கம்பி போன் உண்டு. கையில் வைத்துக்கொள்ளும் போன் எல்லாம் பாட்டுக் கேட்க, படம் எடுக்க மட்டும்.

அவளுக்கு உண்மையில் இரண்டு வேலை. தட்டின் உச்சியில் உட்கார்ந்து வானத்தைக் கேட்கிற ரிசீவரைக் கட்டியவள் அவள். ஆராய்ச்சி நிதிக்கு வருஷக்கணக்கில் அலைந்து, பணம் வந்த பிறகு இன்னும் பல வருஷம் உட்கார்ந்து, ஒவ்வொரு இணைப்பையும் தன் கையால் பற்றவைத்து முடித்திருந்தாள். முதல் நட்சத்திரங்கள் பற்றிக்கொள்வதற்கு முன்னால் இருட்டில் கிடந்த வாயுவின் அலையைத் தேடுவது அவள் திட்டம். இரண்டாவது வேலை, கூரையில் ஆன்டெனா கட்டிய வேனை ஓட்டிக்கொண்டு, ஊருக்குள் எந்தக் கருவி கத்துகிறது என்று பிடிப்பது.

ஒருமுறை வாத்தியார் வீட்டு மின்சாரப் போர்வை மாட்டியது. இன்னொரு முறை ரொட்டிக்கடைக்காரரின் மாவு பிசையும் மெஷின்.

"நான் மாவு பிசைஞ்சா உங்க நட்சத்திரம் தூக்கத்துலேர்ந்து எந்திரிச்சுடுமா மேடம்?"

"எந்திரிக்காது அண்ணே. அது பேசறது எனக்குக் கேக்காது."

"அப்படி என்னதான் பேசுது?"

"அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். நீங்கதான் குறுக்கே பேசறீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் மோட்டாரைக் கழற்றி, இரைச்சலை அடக்கும் புது வடிகட்டி வைத்து, நிலையச் செலவில் சரிசெய்து கொடுத்தாள். சண்டை என்று யாரும் போட்டதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, "என்னய்யா ஊர் இது" என்பார்கள்.

அவளுடைய அக்காவும் அத்தானும் அந்த ஊருக்கு வந்தது அவளால்தான். தங்கையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்த அத்தானுக்கு ஊர் பிடித்துப் போனது. காய்கறி விளைகிற மண். கீழே கொண்டுபோய் விற்க ஆள் இல்லை. ஒரு சரக்கு வேனை வாங்கி ஓட்ட ஆரம்பித்தார். அவர்கள் மகன் கீழே நகரத்தில் படித்து, அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்டான். வாரத்தில் ஒரு நாளாவது அவள் அக்கா வீட்டில் சாப்பிடுவாள். "கல்யாணம் பண்ணிக்க மாட்டேன்னுட்டே, ரசமாவது வைக்கக் கத்துக்கோடி" என்று அக்கா பாத்திரத்தைக் கட்டிக் கொடுத்து அனுப்புவாள்.

ஒரு நாள் அத்தான் கீழே போன வேன் திரும்பி வரவில்லை. வழியில் ரிப்பேர் ஆகியிருக்கும், அங்கேயே தங்கியிருப்பார் என்று அக்கா படுத்துவிட்டாள். காலையில் பால் வண்டிக்காரர்தான் பார்த்தார். மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் வேன் சரிந்து, மரத்தில் முட்டி நின்றிருந்தது. அடி ஒன்றும் பெரிதில்லை. கால் மாட்டிக்கொண்டு, ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. உடனே ஆள் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். போன் அவர் கையிலேயே இருந்தது. அக்காவின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தியிருந்தார்.

காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு அக்கா அவளைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை பேசினாள்.

"உன் நட்சத்திரம் எல்லாம் சௌக்கியமாடி?"

அதற்குப் பிறகு பாத்திரம் கட்டிக் கொடுப்பது நின்றுபோனது. அவள் போனால் அக்கா கதவைத் திறப்பாள், உட்காரச் சொல்வாள், அடுப்படிக்குப் போய்விடுவாள். இரண்டு பேருக்கும் நடுவில் அத்தான் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரியும். மலைப்பாதையின் வளைவுக்கு ஒரு பெட்டி என்று ஒரு திட்டம் போட்டாள். பொத்தானை அழுத்தினால் நேராக ஆஸ்பத்திரி பேசும். எல்லாம் மண்ணுக்கு அடியில் ஓடுகிற கேபிள். காற்றில் ஒரு சொட்டு அலை கசியாது. ஊருக்கும் அதே கேபிளில் வேகமான இணையம் கொடுத்துவிடலாம். தட்டும் கெடாது, மனுஷனும் சாகமாட்டான். மூன்றாவது வளைவில் மட்டும் சொந்தக் காசில் ஒரு பெட்டியை நட்டு, பக்கத்தில் ஓடிய பழைய போன் கம்பியில் இணைத்துச் சோதித்தாள். பேசியது. அதை ஊர் பார்த்தது. அக்கா பார்க்க வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் புதுத் திட்டத்தை அறிவித்தது. நாடு முழுவதும் இணைப்பு; கூடவே ஆராய்ச்சிக்கும் புத்தாக்கத்துக்கும் ஊக்கம். 'விடுபட்ட ஊர் இல்லை' என்று பேருந்துகளின் முதுகில் எல்லாம் எழுதினார்கள். இரண்டுக்கும் ஒரே அமைச்சகம். அவளுக்கு நிஜமாகவே நம்பிக்கை வந்தது. இணைப்பும் ஆராய்ச்சியும் ஒரே கூரைக்குக் கீழே வந்தால், தன் பெட்டியைப் புரிந்துகொள்ள அதைவிடப் பொருத்தமான ஆட்கள் யார்?

தலைநகரத்திலிருந்து அந்த அமைச்சகத்தின் துணைச் செயலர் வந்தார். பளபளவென்று இருந்தார், குரலை உயர்த்தாமல் பேசினார், சொன்னதையெல்லாம் கேட்டார். மூன்றாவது வளைவு வரைக்கும் நடந்தே வந்து பொத்தானை அழுத்திப் பார்த்தார். மறுமுனையில் ஆஸ்பத்திரி நர்ஸ் "சொல்லுங்க" என்றதும் தலையை ஆட்டினார்.

"ரொம்ப நல்லா இருக்கு மேடம். செலவும் கம்மி. ஆனா இதைத் திறந்து வைக்க அமைச்சர் மலை ஏறி வருவாருங்கறீங்களா?"

"எதுக்கு வரணும் சார்? பேசினாப் போதாதா?"

"டவர்னா கண்ணுக்குத் தெரியும். கீழே ரோட்டுல போறவன்கூட அண்ணாந்து பார்ப்பான். இது தபால் பெட்டி மாதிரி நிக்குது. உங்க மேல தப்பில்லை. திட்டத்துல டவர்னு எழுதியிருக்கு. பெட்டின்னு எழுதலை."

"திட்டத்தை மாத்தி எழுதலாமே?"

துணைச் செயலர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். சின்னப் பிள்ளை நிலாவைக் கேட்டால் பார்ப்பது போல.

பழைய சட்டத்தில் ஒரே ஒரு விலக்கு இருந்தது. டவரால் தொலைநோக்கிக்குப் பாதகம் இல்லை என்று ரிசீவர் பொறியாளர் கையெழுத்துப் போட்டால்தான் டவர் நடலாம். அதாவது அவள் போட வேண்டும். நிலையத்தின் இயக்குநர் அவளை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, தானே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"போட்டுடும்மா. நமக்குப் புதுக் கட்டிடம் தர்றாங்க. புத்தாக்க மையம். நிதியும் மூணு மடங்கு ஆகுது."

"டவர் வந்தா தட்டு செவிடாயிடும் சார். அப்புறம் மூணு மடங்கு நிதியை வெச்சு எதை ஆராய்ச்சி பண்றது?"

இயக்குநர் மென்று விழுங்கினார். "அது பின்னாடி பார்த்துக்கலாம். நான் ரிட்டையர் ஆகிறதுக்குள்ள இந்த இடத்துக்கு ஒரு நல்ல கட்டிடமாவது வரட்டும். நீ போடலேன்னா சட்டத்தையே எடுத்துடுவாங்க. அப்ப கட்டிடமும் இல்லை."

அவள் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். துணைச் செயலர் மேடையில். முதல் வரிசையில் இயக்குநரும் அவளும். ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். ரொட்டிக்கடைக்காரர் எழுந்து, மேடம் வைத்த பெட்டியும் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பின்வரிசையில் யாரோ "உட்காருய்யா" என்றான். கடைசியில் அக்கா எழுந்தாள்.

"எனக்கு மேடையில பேசத் தெரியாது. என் வீட்டுக்காரர் சாகறப்போ என்னைக் கூப்பிட்டாரு. பக்கத்துலதான் படுத்திருந்தேன், ஒரு மலை தள்ளி. எனக்குக் கேக்கலை. எங்கேயோ வானத்துல இருக்கறதைக் கேக்கறதுக்காக, பக்கத்துல இருக்கறதைக் கேக்க விடாம வெச்சிருக்காங்க. படிச்சவங்க நியாயம் எனக்குப் புரியலை. டவர் வேணும். அவ்வளவுதான்."

அவள் பக்கம் அக்கா திரும்பவே இல்லை. திரும்பிப் பார்த்து நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். கூட்டம் முடிந்து வெளியே வந்தாள். நேராக இயக்குநர் வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே பேனாவைக் கேட்டாள். பாதகம் இல்லை என்று எழுதியிருந்ததற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். அது பொய் என்று அவளைவிடத் தெரிந்தவர் அந்த நாட்டில் யாரும் இல்லை. என் ரிசீவர் போனால் போகட்டும், இனி ஒருத்தர் அந்த வளைவில் கூப்பிட்டால் யாருக்காவது கேட்கட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். கையெழுத்துப் போட்டதை அக்காவிடம் போய்ச் சொல்லவில்லை. சொன்னால் கூலி கேட்பது போல இருக்கும் என்று பட்டது.

டவர் கிடுகிடுவென்று எழும்பியது. கட்டிடமும் எழும்பியது. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வந்தார், இரண்டையும் ஒரே நாளில் திறந்தார். கணவனை இழந்த பெண் என்று அக்காவை மேடைக்கு அழைத்து, அவள் கையால் முதல் அழைப்பைப் போடச் சொன்னார்கள். நகரத்தில் இருந்த மகன் எடுத்தான். "கேக்குதாப்பா?" என்று அக்கா கேட்டதும் கூடியிருந்த அத்தனை பேருக்கும் கண் கலங்கியது. கூட்டத்தில் நின்ற அவளுக்கும்தான். அந்த நிமிஷத்தில் தான் செய்தது சரி என்றே அவள் நம்பினாள்.

மாலையில் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்த் திரையைப் பார்த்தாள். பல வருஷமாக மெல்லிய கோடாக நெளிந்துகொண்டிருந்த இடம் முழுக்க வெள்ளை அடித்த சுவர் மாதிரி இருந்தது. இது நடக்கும் என்று தெரிந்ததுதான்.

ஊர் கொஞ்ச நாள் சந்தோஷமாக இருந்தது. தெருவில் நடந்துகொண்டே பேசினார்கள். அக்கா முகத்திலும் ஒரு தெளிவு. ஒரு நாள் கூப்பிட்டு, "சாப்பிட்டியா?" என்றுகூடக் கேட்டாள். மழைக்காலம் வந்தது. டவர் நின்றது.

முதலில் ஒரு நாள், இரண்டு நாள் என்று நினைத்தார்கள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. டவரை நடத்த எடுத்திருந்த கம்பெனிக்கு இந்தச் சின்ன ஊரில் லாபம் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் போடுவதை நிறுத்திவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்கள். இதற்குள் பழைய கம்பி போன்களையும், இனி தேவையில்லை என்று பாதி வீடுகளில் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மூன்றாவது வளைவில் இருந்த பெட்டியை, அனுமதி இல்லாத கருவி என்று விழாவுக்கு முன்பே பிடுங்கியிருந்தார்கள். ஆக, டவரும் இல்லை, பாதிப் பேருக்குக் கம்பியும் இல்லை, பெட்டியும் இல்லை.

டவர் நின்ற அன்று அவளுக்கு ஒரு நப்பாசை. தட்டாவது கேட்குமே என்று மேலே ஓடினாள். திரையில் வெள்ளை போகவில்லை. ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில், டவரின் அடியில் பூட்டிக் கிடந்த இரும்புப் பெட்டிக்குள் பேட்டரி சார்ஜர் ஒன்று பழுதாகி இரைந்துகொண்டிருப்பது தெரிந்தது. விமானங்களுக்குத் தெரிய உச்சியில் சிவப்பு விளக்கு எரிய வேண்டுமே, அதற்காக ஊர் மின்சாரத்தில் ஓடுகிற சார்ஜர். ஒருவருடைய குரலையும் சுமக்காத டவர், இரைச்சலை மட்டும் விடாமல் போட்டுக்கொண்டிருந்தது.

கடிதம் எழுதினாள், போன் போட்டாள். கிணற்றில் போட்ட கல். கடைசியில் தலைநகரத்துக்கே கிளம்பினாள். துணைச் செயலர் அடையாளம் கண்டுகொண்டு, டீ வரவழைத்தார். அவருடைய சுவரில் ஒரு பெரிய திரை; நாட்டின் வரைபடம் முழுக்கப் பச்சைப் புள்ளிகள்.

"உங்க ஊரும் பச்சைதான் மேடம். இதோ பாருங்க."

"சார், டவர் மழை ஆரம்பத்துலயே நின்னுடுச்சு."

"திரையில அப்படி இல்லையே. டவர் நட்டு, சோதிச்சு, ஒப்படைச்சா பச்சை. ஒருதடவை பச்சையானா மறுபடி மாறாது. அப்படித்தான் அமைச்சிருக்காங்க."

"அப்ப ரிப்பேர் பண்ண ஆள் அனுப்புங்க."

"வேலை செய்யறதை எப்படி ரிப்பேர் பண்றது? ஏன்னு தணிக்கையில கேப்பாங்க."

"சரி, அப்ப முழுசா அணைச்சுடுங்க. அந்தச் சார்ஜரையாவது பிடுங்குங்க. தொலைநோக்கியாவது ஓடட்டும்."

"ஊருக்கு இணைப்பு கொடுத்துக்கிட்டிருக்கற டவரை அணைக்கச் சொல்றீங்களா?" அவர் குரல் இப்போதும் உயரவில்லை. "உங்க அக்கா போன் பேசற வீடியோவைத்தான் நாங்க வெளிநாட்டு மாநாட்டுல எல்லாம் காட்டறோம். நீங்களே இப்படிப் பேசலாமா? பாதகம் இல்லைன்னு கையெழுத்துப் போட்டதும் நீங்கதானே?"

டீ ஆறிப்போயிருந்தது. அவர் வேறு டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

திரும்பி வந்தவள் நிலையத்துக்குள் நுழையும்போது, புதுக் கட்டிடத்தின் வரவேற்புக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பேழை புதிதாக இருந்தது. விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். உள்ளே அவளுடைய ரிசீவர். நடுவில் ரம்பம் போட்டு இரண்டாகப் பிளந்து, உள்பக்கம் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்திருந்தார்கள். அவள் பற்றவைத்த இணைப்புகள் வெட்டுப்பட்ட இடத்தில் பளபளவென்று மின்னின.

இயக்குநர் பின்னாலேயே வந்தார். "நல்லா இருக்குல்ல? சும்மாதானே மேலே கிடந்துது. உள்ளே எப்படி இருக்கும்னு ஜனங்க பார்க்க வேண்டாமா? உன் பேரும் கீழே போட்டிருக்கேன் பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. "நல்லா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா ஊரைக் காலிசெய்ய முடிவெடுத்தது அதற்குப் பிறகுதான். மகனோடு நகரத்தில் இருக்கப் போவதாகச் சொன்னாள். வேன் எப்போதோ போய்விட்டது, வீட்டைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டாள். மூட்டை கட்டுகிற அன்று அவள் உதவிக்குப் போனாள். இரண்டு பேரும் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு தாளில் அக்கா போனைக் காதில் வைத்துச் சிரிக்கிற படம் இருந்தது. அக்கா அதையே எடுத்து ஒரு சட்டியைச் சுற்றினாள்.

"நீதான் கையெழுத்துப் போட்டியாமே. அந்த இயக்குநர் சொன்னாரு."

"ஆமாக்கா."

"போட்டா உன் மெஷின் போயிடும்னு தெரியுமா?"

"தெரியும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே? போடாதேன்னு சொல்லியிருப்பியா?"

அக்கா சட்டியோடு நிமிர்ந்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். "மாட்டேன்" என்றாள். "அப்ப நான் இருந்த இருப்புல, அந்தத் தட்டையே உடைச்சுப் போட்டிருந்தாக்கூடச் சந்தோஷப்பட்டிருப்பேன்." சட்டியை மூட்டைக்குள் வைத்தாள். "இப்ப உன்னைத் திட்டலாம்னா, அதுக்கும் நியாயம் இல்லாமப் பண்ணிட்டாங்களேடி."

அவள் முதுகில் அக்கா கையை வைத்தாள். சமாதானம் என்று சொல்ல முடியாது. இரண்டு பேரையும் ஒரே ஆள் ஏமாற்றினால் வருகிற ஒட்டுதல். பேருந்து வந்ததும் அக்கா ஏறி, எதிர்ப்பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாவது வளைவு வரும்போது வேன் சரிந்த பக்கம் பார்க்காமல் இருக்கலாம் என்பதற்காக.

அவள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள். சம்பளம் கூடியிருக்கிறது, பதவியின் பெயர் இணைப்பு ஒருங்கிணைப்பாளர். தட்டு வானத்தைப் பார்த்து நிமிர்ந்தபடி நிற்கிறது. இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் அவளே ஏறிச் சுத்தம் செய்கிறாள், அதற்கென்று ஆள் போடவில்லை. மாதக் கடைசியில் அமைச்சகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரில் ஊரின் பெயருக்கு எதிரே 'சேவை உள்ளது' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. 'இல்லை' என்று சொல்ல இடம் வைக்கவில்லை. ஆரம்பத்தில் அதைத் தொடாமல் காலியாக அனுப்பினாள். நிலையத்தில் எல்லாருடைய சம்பளமும் நின்றது. காவலாளி வந்து, வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள் மேடம் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

இப்போதெல்லாம் அவள் யோசிப்பதில்லை. கட்டத்தைத் தொடுகிறாள். புள்ளி பச்சையாகிறது. அடுத்த பக்கத்துக்குப் போகிறாள்.